இடப் பக்கம் கிளியர்

என் கணவர் ராணுவத்தில் வண்டி ஓட்டியவர். கட்டாயத் தேசிய சேவைக்குப் போய்ச் சில காலம் ஓட்டிவிட்டு வந்தவர் இல்லை. அதையே வேலையாக எடுத்துக்கொண்டு, தலை நரைக்கத் தொடங்கும் வரை பச்சை ரோவர் ஜீப்பின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தவர். அதன் பிறகு சாங்கி விமான நிலையத்தில் சரக்கு வேன் ஓட்டினார். போன வருடம் ஓய்வு பெற்றார். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அவருக்கு வண்டி ஓட்ட வராது என்று இந்த ஊரில் ஒருத்தரும் அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை.

ராணுவ வண்டியில் ஓட்டுநர் பக்கத்தில், இடப் பக்க இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருப்பாராம். சந்திப்பு வந்தால் அவர் இடப் பக்கம் திரும்பிப் பார்த்து, எதுவும் வரவில்லை என்றால் "லெஃப்ட் கிளியர்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் ஓட்டுநர் நகர்வார். கல்யாணமான புதிதில் யாரிடமோ இரவல் வாங்கிய காரில் என்னை உட்காரவைத்துத் தேக்காவுக்குக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். முதல் சந்திப்பிலேயே காரை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார். புது மாப்பிள்ளை ஆசையாகப் பார்க்கிறார் என்று நான் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். பின்னால் இருந்த டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார்.

"என்னம்மா, கிளியரா?" என்றார் என் கணவர்.

"எது கிளியரா?"

"லெஃப்ட்ல காடி வருதா இல்லையான்னு நீதான் பாத்துச் சொல்லணும் லா."

அன்றைக்குத் தொடங்கியது. நான் தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். பிள்ளைகள் கட்டுரையில் ஓர் ஆங்கிலச் சொல் எழுதினால் சிவப்பு மையில் வட்டம் போடுகிறவள். "இடப் பக்கம் தடையேதும் இல்லை" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள பச்சை போய் சிவப்பு வந்துரும்" என்று சிரித்தார். அதனால் கிளியர் என்பதே எங்கள் வீட்டுச் சொல்லாகிவிட்டது. கார் மாறியது, வீடு மாறியது, மகள் பிறந்து வளர்ந்து அவளுக்கும் ஒரு மகள் வந்துவிட்டாள். சந்திப்பு வந்தால் நான் கிளியர் சொல்வது மட்டும் மாறவில்லை.

எத்தனை காலத்துக்குத்தான் ஒருத்தி உண்மையாகவே திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள்? புருஷன் கதை சொல்லும்போது "ம்" கொட்டுவது மாதிரிதான் நானும் கிளியர் சொல்லத் தொடங்கினேன். கைப்பையில் எதையாவது தேடிக்கொண்டே சொல்வேன். திருத்த வேண்டிய நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டுகூடச் சொல்லியிருக்கிறேன். அவருக்கும் தெரியும். "பாத்துட்டுச் சொல்றியா, சும்மா சொல்றியா?" என்று கேட்பார். "பாத்துட்டுத்தான்" என்பேன். அவரே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் காரை எடுப்பார். நான் சொல்வது சும்மா ஒரு பேச்சுத் துணைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம்தான் காரின் இடப் பக்கக் கண்ணாடி முதலில் உடைந்தது. எங்கள் புக்கிட் பாத்தோக் அடுக்குமாடிப் புளோக்கில், வண்டிகள் நிற்கும் கார்ப்பேட்டையில் தூண்கள் நெருக்கமாக இருக்கும். "யாரோ இடிச்சுட்டுப் போயிட்டான்" என்றார். நம்பினேன். அப்புறம் இடப் பக்கக் கதவில் நீளமாக ஒரு கீறல். அப்புறம் முன் சக்கரம் நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கியது. "இந்தக் கல்லை எப்பக் கொண்டாந்து வெச்சானுங்க?" என்று நகர மன்றத்தைத் திட்டினார். நான் சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மூடிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் வெளியே நடந்து போகும்போது என் கையைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார். அதுவும் எப்போதும் அவருடைய இடப் பக்கத்தில் நான் வர வேண்டும். நான் மறுபக்கம் போய்விட்டால் தோளைத் தொட்டு இந்தப் பக்கம் வரவைப்பார். கல்யாணமான நாளிலிருந்து நாலடி முன்னால் நடந்து பழகிய மனுஷன்! சாமான் வாங்கப் போகும்போது தெரிந்த பெண்கள் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். "உங்க வீட்டுக்காரரு ரிட்டையர் ஆனதும் ரொமான்டிக் ஆயிட்டாரு" என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். இப்போது நினைத்தால் அந்தப் பெருமை மேல் எரிச்சல் வருகிறது.

எங்கள் காரின் உரிமைக் காலம் முடியப்போகிறது என்று எனக்குத் தெரியும். இந்த ஊரில் காரை வாங்குவதைவிட அதை வைத்துக்கொள்ளும் உரிமையை வாங்குவதுதான் பெரிய பாடு. புதுப்பிக்கப் போவதில்லை, காரைக் கொடுத்துவிடப் போகிறோம் என்று இரண்டு பேருமாக முடிவு செய்திருந்தோம். வீட்டுக்குக் கீழேயே பஸ் இருக்கிறது, எம்ஆர்டி ரயில் இருக்கிறது. நான் மனதுக்குள் கோயிலுக்கு நேர்ந்துகொண்டேன், அந்த நாள் வரும்வரை ஒன்றும் ஆகக்கூடாது என்று. சனிக்கிழமை காலையில் பேத்தியை நீச்சல் வகுப்புக்கு அவர்தான் கொண்டுபோவார். பின் இருக்கையில், இடப் பக்கத்தில்தான் அவளுடைய குட்டி நாற்காலி. நான் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு கூடவே போய்விடுவேன். கார் போய்விட்டால் அவரிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. "உங்களால் இனி ஓட்ட முடியாது" என்று சொல்லாமலேயே அவர் ஓட்டுவதை நிறுத்திவிடுவார். ஒரு சண்டை மிச்சம். என் திட்டம் அவ்வளவுதான்.

அப்போதுதான் அந்த ஏலச் செய்தி வந்தது. கூட வேலை பார்த்த யாரோ அவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார். பூன் லே பக்கம் ஒரு கிடங்கில் பழைய கார்களை ஏலம் விடுகிறார்கள். எல்லாம் பணக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை துடைத்துத் துடைத்து வைத்துக்கொள்கிற கார்கள். அவற்றுக்கு நடுவில் ஒரு பச்சை ரோவர். எந்த நாட்டு ராணுவமோ கழித்துவிட்ட வண்டி. யாரோ வாங்கிக் கொண்டுவந்து, பழைய வண்டிகளுக்கான தனி அனுமதியும் எடுத்து வைத்திருந்தார். என் கணவர் போனை என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். 

"அதே மாடல்மா! ஸ்பேர் டயர் பானட் மேல இருக்கு பாரு. இதுலதான் நான் ஓட்டக் கத்துக்கிட்டேன்."

"காரே வேணாம்னுதானே முடிவு பண்ணோம்?"

"இது காடி இல்லைமா. இது ரோவர்."

"ரோவர் என்ன, ஆகாசத்துலயா போவுது?"

"தெனமும் ஓட்ட முடியாது. பழைய வண்டிங்கறதால வருஷத்துல கொஞ்ச நாள்தான் எடுக்க விடுவாங்க. நீ எதுக்கு பயப்படற?"

எனக்குப் பயப்பட ஒரு நாளே போதும். அதைச் சொல்லவில்லை. விலையைப் பற்றிச் சண்டை போட்டேன். பணம் என்றால் அவருக்குப் பதில் சொல்லத் தெரியும், எனக்குக் கேள்வி கேட்கத் தெரியும், இரண்டு பேருக்கும் வசதியான சண்டை. மகளும் போனில் என் கட்சிதான். "அப்பாக்கு என்ன மிட்லைஃப் கிரைசிஸ்ஸா? அந்த ஏஜெல்லாம் தாண்டியாச்சும்மா" என்றாள். அவர் காதில் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பழைய ராணுவ பெல்ட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு மேலே பேச வரவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

ஏலத்தன்று காலை முதலில் தேக்காவுக்குப் போகலாம் என்று சொல்லிக் காரை அங்கே விட்டார். சிராங்கூன் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இன்னும் சேரவில்லை. தோசை சாப்பிட்டுவிட்டுச் சந்தைப் பக்கம் போனோம். அங்கே நாலு எலுமிச்சம்பழம் பொறுக்கினார். ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்து எடுத்தார், மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி.

"இது எதுக்கு?"

"நாலு சக்கரத்துக்கும் வெக்கணும்ல?"

"ஏலமே இன்னும் எடுக்கல. அதுக்குள்ள எலுமிச்சம்பழமா?"

"எடுத்துருவேன்" என்றார்.

கடைக்காரர் மீதிச் சில்லறையை நீட்டினார். என் கணவரின் இடப் பக்கத்திலிருந்து, இவர் தோளுக்கு அருகிலேயே நீட்டினார். இவர் நேரே பார்த்துக்கொண்டு நின்றார். "அண்ணே" என்றார் கடைக்காரர். "அண்ணே, மிச்சம்." இவர் முன்னாலும் வலப் பக்கமும் பார்த்தார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, மரியாதை தெரியாத ஆள் என்கிற மாதிரி. நான் கையை நீட்டிச் சில்லறையை வாங்கிக்கொண்டேன். 

தேக்காவிலிருந்து பூன் லே வரை விரைவுச்சாலை. நான் அன்று உண்மையாகவே இடப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். கையால் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "ஏன் இப்படி விறைப்பா உக்காந்திருக்க?" என்றார். "முதுகு வலி" என்றேன்.

கிடங்கு முழுக்க விளக்கு போட்டிருந்தார்கள். கார்கள் பளபளத்தன. அவை எதையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ரோவர் கடைசியில், சுவர் ஓரமாக நின்றது. பெயின்டைத் தூரிகையால் அடித்திருந்தார்கள், கோடு கோடாகத் தெரிந்தது. மேலே கித்தான் கூரை. இருக்கைகள் தட்டையாக, ஆஸ்பத்திரி பெஞ்சு மாதிரி. நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். எண்ணெயும் பழைய ரப்பரும் கலந்த வாசனை வந்தது. அவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். கியரை அசைத்துப் பார்த்தார். கீழே குனியாமலேயே ஒரு விசையைத் தொட்டார். கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. முகம் சின்னப் பையன் முகமாகிவிட்டது.

"ஏறும்மா, அந்தப் பக்கம்."

நான் இடப் பக்கம் ஏறி உட்கார்ந்தேன். முட்டி இடித்தது.

"சொல்லு" என்றார்.

"என்னத்த?"

"சொல்லேன்."

"லெஃப்ட் கிளியர்" என்றேன். பக்கத்தில் நின்ற ஒரு சீனக் குடும்பம் எங்களைப் பார்த்துச் சிரித்தது. அவர் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. இந்த மனுஷனுக்கு இதை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு கணம் உண்மையாகவே தோன்றியது. அடுத்த கணம் பேத்தியின் குட்டி நாற்காலி நினைவுக்கு வந்தது.

ஏலம் தொடங்கியதும் நாங்கள் நடு வரிசையில் உட்கார்ந்தோம். எப்போதும் போல நான் அவருக்கு இடப் பக்கம். எண் எழுதிய ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள், அதைத் தூக்கினால் அடுத்த விலைக்குச் சம்மதம் என்று அர்த்தம். மேடையில் கழுத்துப்பட்டை அணிந்த ஒரு மனிதர் மூச்சுவிடாமல் பேசினார். மற்ற கார்கள் ஒவ்வொன்றாகப் போயின. ரோவர் வந்ததும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முதலில் நாலைந்து பேர் கேட்டார்கள். விலை ஏற ஏற ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இவர் அட்டையைத் தூக்கினார். ஏலக்காரர் கும்பிடாத குறையாகத் தலையாட்டிவிட்டு, எங்களுக்கு இடப் பக்கம் பார்த்தார், உடனே விலையை ஏற்றினார். இவர் மறுபடி தூக்கினார். ஏலக்காரர் மறுபடி இடப் பக்கம் பார்த்தார், மறுபடி ஏற்றினார். இவர் முகம் சுருங்கியது.

"யாருகிட்ட கேக்கறான் இவன்?" என்றார் மெதுவாக. "வேற ஆளே இல்லையே."

நான் இடப் பக்கம் பார்த்தேன். முன்னால், சுவர் ஓரமாக, ஒரு தூணை ஒட்டி ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். சிவப்புச் சட்டை. அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடியே நின்றார். அந்தக் கிடங்கில் அவரைப் பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம். என் கணவர் தலையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பினார். பார்த்தார். அவர் கண் அந்த ஆள் மேல் நிற்கவில்லை. திரும்பவும் மேடையைப் பார்த்தார்.

"சும்மா ஏத்தறான் லா. நான் ஆசைப்படறேன்னு தெரிஞ்சுக்கிட்டான். இல்லாத ஆளக் காட்டி ஏத்தறான்."

 கார்ப்பேட்டைத் தூண், நடைபாதைக் கல், கடைக்காரர் நீட்டிய கை, தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டது எல்லாம் ஒன்றாக வந்து முன்னால் நின்றன. தடுமாற்றம் என்றுதான் நினைத்திருந்தேன், வயசு என்று நினைத்திருந்தேன். இவருக்கு இடப் பக்கம் தெரியவே இல்லை. அப்படியென்றால் இவ்வளவு நாளாக ஒவ்வொரு சந்திப்பிலும் இவர் எதை வைத்துக் காரை எடுத்தார்? என் வாயை வைத்து. நான் கைப்பையைக் கிளறிக்கொண்டே சொன்ன கிளியரை வைத்து. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கண்ணை விரித்துப் பார்த்திருப்பேனே! பயத்தைவிட எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

அவர் என் பக்கம் சாய்ந்தார். கண் மேடையிலேயே இருந்தது.

"நீ பாரு. அங்க யாராச்சும் கேக்கறாங்களா? கிளியரா?"

சிவப்புச் சட்டைக்காரர் அட்டையை இன்னும் இறக்கவில்லை. நான் "ஆள் இருக்கார்" என்றால் இவர் மேலே கேட்பார். விட மாட்டார், எனக்கு அவரைத் தெரியும். வண்டி எங்களுடையதாகிவிடும். "கிளியர்" என்றால் ஏலக்காரர் ஏமாற்றுகிறார் என்று நம்பிக் கையைக் கட்டிக்கொள்வார்.

அந்த ஆளை நன்றாகப் பார்த்தேன். தலைமுடி, சட்டைப் பொத்தான், கையில் இருந்த எண், எல்லாம் பார்த்தேன்.

"கிளியர்" என்றேன்.

"அப்படியா சங்கதி" என்றார். அட்டையை மடியில் கவிழ்த்து வைத்துக் கையைக் கட்டிக்கொண்டார். "இப்ப பாரு. வெல எறங்கித் திரும்ப என்கிட்டத்தான் வரணும்."

ஏலக்காரர் எங்களைப் பார்த்தார். ஒருமுறை கேட்டார். இன்னொரு முறை கேட்டார். என் கணவர் புன்னகையோடு தலையை ஆட்டி மறுத்தார், உன் வித்தை என்னிடம் பலிக்காது என்கிற மாதிரி. சுத்தியல் விழுந்தது. கைதட்டினார்கள்.

"யாருக்குக் கைதட்டறாங்க?" என்றார்.

சிவப்புச் சட்டைக்காரர் கையெழுத்துப் போடுவதற்காக, இடப் பக்கத்திலிருந்து எங்கள் வரிசைக்கு முன்னால் நடந்து வந்தார். பாதி தூரம் வரும்வரை என் கணவர் முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு திடீரென்று, காற்றிலிருந்து குதித்த ஆளைப் பார்த்தது மாதிரி, உடம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அந்த ஆளையும் அவர் கையில் இருந்த அட்டையையும் பார்த்தார். அவர் வந்த திசைக்கு, தூண் வரைக்கும், தலையை முழுக்கத் திருப்பிப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"நீ கிளியர்னு சொன்னியே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பாத்துட்டுச் சொன்னியா, சும்மா சொன்னியா?"

"பாத்துட்டுத்தான் சொன்னேன்" என்றேன்.

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார். என் கையைப் பிடிக்கவில்லை. வாசலில் இடப் பக்கமாக நின்ற ஒரு பூந்தொட்டியில் கால் தட்டியது, அதையும் பொருட்படுத்தாமல் நடந்தார்.

"டாக்சியில போலாங்க" என்றேன்.

காதில் விழாத மாதிரி காரில் ஏறினார். தனியாக விட எனக்கு மனசில்லை, நானும் ஏறினேன். அதுவும் தப்புதான். சாவியைப் பிடுங்கியிருக்க வேண்டும். கார் கிடங்கு வளாகத்தின் வாசல் வரை நத்தையாக ஊர்ந்தது. அங்கிருந்து வலப் பக்கம் திரும்ப வேண்டும். லாரிகள் போகிற சாலை. வலப் பக்கம் பார்த்தார், காலியாக இருந்தது. வழக்கமாக நான் சொல்ல வேண்டிய இடம் அது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் தானே தலையைக் கொஞ்சம் இடப் பக்கம் திருப்பினார். ஒரு கன்டெய்னர் லாரி வந்துகொண்டிருந்தது. தூரத்தில் இல்லை. அவர் கால் பிரேக்கிலிருந்து எழுந்தது, கார் சாலைக்குள் நகர்ந்தது.

நான் ஹாண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். வாயிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று தெரியாது. கார் துள்ளி நின்றது. லாரி எங்கள் மூக்குக்கு முன்னால் நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. பின் இருக்கையில் இருந்த பையிலிருந்து எலுமிச்சம்பழங்கள் உருண்டன.

அவர் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். ரொம்ப நேரம் கையை ஸ்டியரிங் மேலேயே வைத்திருந்தார்.

"எத்தன நாளா இப்படி?" என்று கேட்டேன். திட்டுவதற்காக வாய்வரை வந்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன.

"தெரியலம்மா."

"தெரியாம எப்படிங்க இருக்கும்? உங்க கண்ணுதானே?"

"இருட்டா இருந்தா தெரிஞ்சிருக்கும்ல? இருட்டா இல்ல. ரோடு இருக்கற மாதிரிதான் இருக்கும். அதுல ஒண்ணுமே இருக்காது." உதட்டைக் கடித்துக்கொண்டார். "எனக்கு எப்பவுமே கிளியராத்தான் தெரியுது. அதான் உன்னக் கேப்பேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீயும் சொல்லலையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

பிறகு கண் மருத்துவர் இதற்கு ஒரு பெயர் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வருமாம். போனது திரும்பாதாம். இருக்கிறதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். காலையிலும் இரவிலும் நான்தான் விடுகிறேன். ஆனால் அது பிறகு. அன்று அந்த வாசலில் எங்களுக்கு அந்தப் பெயர் தெரியாது.

காவலுக்கு இருந்த மலாய்க்காரப் பெரியவர் ஓடிவந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவரும் இன்னொருவருமாகக் காரை உள்ளே தள்ளி ஓரமாக நிறுத்தினார்கள். எங்கள் கார் பின்பக்கமாகப் போவதை என் கணவர் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாவியை என் கையில் கொடுத்தார். எனக்கு ஓட்டத் தெரியாது, அது அவருக்குத் தெரியும். இருந்தாலும் என்னிடம்தான் கொடுத்தார். எலுமிச்சம்பழங்களை மட்டும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

பூன் லே எம்ஆர்டி வரை நடக்கலாம் என்றார். வெயில் ஏறியிருந்தது. கொஞ்ச தூரம் முன்னாலும் பின்னாலுமாக நடந்தோம். என் மனதில் ஓடியது ஒன்றுதான். நான் பொய் சொன்னதால்தான் இவர் இனி ஓட்ட மாட்டார். அந்தப் பொய்க்காக எனக்கு வருத்தம் இல்லை. மறுபடி அந்த நாற்காலியில் உட்காரவைத்தாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் பொய் சொல்ல வேறு சொல்லே எனக்குக் கிடைக்காமல் போயிற்றா? கல்யாணத்திலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் என்று இருந்த ஒரே சொல்லை அதற்கு எடுத்துக் கொடுத்தேன். அது நெஞ்சை அறுத்தது.

பெரிய சாலையைக் கடக்கிற இடம் வந்தது. அவர் நின்றார். நான் அவருடைய இடப் பக்கம் போய் நின்றேன். சிறிது நேரம் கழித்து அவர் கை தேடி வந்து என் கையைப் பிடித்தது. 

நடப்பவர்களுக்கான சிக்னலில் பச்சை மனிதன் எரிந்தான். எங்களோடு நின்றவர்கள் எல்லாரும் கடந்து போனார்கள். அவர் நகரவில்லை. முகத்தை நேராக வைத்துக்கொண்டு காத்திருந்தார். எதற்கென்று எனக்குப் புரிந்தது. தலையை முழுக்கத் திருப்பி இடப் பக்கம் பார்த்தேன். ஒரு பஸ் கோட்டுக்கு முன்னாலேயே நின்றிருந்தது. அதற்குப் பின்னால் இரண்டு லாரி. எங்கள் பக்கம் திரும்புவதற்கு ஒரு மோட்டார்சைக்கிள்கூட இல்லை.

"கிளியர்" என்றேன்.

அவர் காலை எடுத்து வைக்கவில்லை. என் கையை விடவும் இல்லை. பச்சை மனிதன் சிமிட்டத் தொடங்கினான்.

"இன்னொரு தடவ பாத்துச் சொல்லும்மா" என்றார்.